எல்லா நாயனத்திலும் வருமா அந்தச் சத்தம்?

*மனோரமா மறைந்து பத்தாண்டு கடந்துவிட்டது. கைப்பேசித் திரையில் ஆச்சி இன்றும் தினமும் வந்து போகிறார். ஆச்சி நடித்தது போன்ற வேடங்கள்தான் தமிழ் சினிமாவில் வருவதில்லை.*

சிக்கல் சண்முகசுந்தரம் பெரிய வித்வான். கோபக்காரர். மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கோபத்துக்குப் பயந்து, கூட வாசிப்பவர்களே அளந்துதான் பேசுவார்கள். அவர் முன்னால் வந்து நிற்கிறாள் ஒரு நாடகக்காரி. உடம்பு ஓரிடத்தில் நிற்காது. தலை ஆடுகிறது, கை ஆடுகிறது, பேச்சு ராகம் போட்டு இழுபடுகிறது. பயமும் இல்லை, பாசாங்கும் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்: இந்தச் சத்தம் எல்லா நாயனத்திலும் வருமா, இல்லை உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா?

கொட்டகை சிரித்தது. 1968ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை இன்று தொலைக்காட்சியில் போட்டாலும் அந்த இடத்தில் வீட்டுக்கூடம் சிரிக்கிறது. சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும், அவள் கேட்டது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை என்று. ஒரு கலைஞனைப் பார்த்து இதைவிட நேர்மையாக என்ன கேட்டுவிட முடியும்?

அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் இருக்கிறார். பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ், சி.கே.சரஸ்வதி என்று ஒவ்வொருவரும் காட்சியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர்கள். நாதஸ்வரமோ மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது. இத்தனை பேருக்கு நடுவே சில காட்சிகளில் மட்டும் வரும் ஜில் ஜில் ரமாமணியை மக்கள் மறக்கவே இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊர் ஊராகப் போய் நடிக்கும் நாடகக்காரியாக அன்று நடித்தவர், ஊர் ஊராகப் போய் நடித்த நாடகக்காரியேதான். 31 வயது மனோரமாவுக்கு அந்தக் கொட்டகையின் பவுடர் வாசமும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் பழகிய வீடு மாதிரி.

## பள்ளத்தூர்ப் பெண்

பிறந்தது 1937 மே 26, மன்னார்குடியில். வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் தாயின் தங்கையையே இரண்டாம் தாரமாக்கிக்கொள்ள, தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வெளியேறினார். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வீட்டு வேலை பார்த்து மகளை வளர்த்தார். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. ஊருக்கு வந்த நாடகக் குழுவில் ஒரு வேடத்துக்கு ஆள் தேவைப்பட, பாடத் தெரிந்த 12 வயதுப் பெண் 'அந்தமான் காதலி' நாடகத்தில் மேடையேறினாள். அந்த நாடக உலகம்தான் அவளுக்கு மனோரமா என்று பெயர் வைத்தது.

பிறகு வைரம் நாடக சபா, அதற்குப் பின் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். கலைஞர் மு.கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்', 'தென்பாண்டி வீரன்', 'புதுமைப்பித்தன்' என்று அந்த நாளைய திராவிட இயக்க மேடையின் முழுநீள வசனங்களை மூச்சு விடாமல் பேசிப் பழகினார். கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும் என்பது மேடையின் சட்டம். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஆச்சியின் வசனம் ஒன்றுகூட வாய்க்குள் விழுந்ததில்லை என்றால், பாடம் அங்கே படித்தது.

## கவிஞர் போட்ட கணக்கு

1958ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் தமிழ்த்திரைக்கு வந்தார். கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் நாயகியாக நின்ற இளம்பெண்ணுக்குத் தயக்கம் இருக்காதா? கதாநாயகி என்றால் நாலைந்து வருஷத்தில் ஓய்ந்துவிடும், நகைச்சுவை என்றால் நெடுங்காலம் நிற்கலாம் என்று கவிஞர் தன்னிடம் சொன்னதை மனோரமா பிற்காலப் பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1963ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி' அவரைக் கதாநாயகியாக்கியும் பார்த்தது. ஆனால் காலம் கவிஞரின் கணக்கைத்தான் சரி என்றது.

அந்தக் கணக்கில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பெண்ணுக்கு இருபதுகளில் நாயகி வேடம், முப்பதைத் தாண்டினால் அக்கா, அண்ணி, அதன் பிறகு நரைத்த தலையோடு ஓரமாக ஒரு நாற்காலி என்பதுதான் நம் சினிமாவின் எழுதாத விதி. மனோரமா அந்த விதியோடு சண்டை போடவில்லை, அது செல்லுபடியாகாத பக்கமாகப் போய் நின்றுகொண்டார். கூட நடித்த நாயகிகள் ஒவ்வொருவராகத் திரையை விட்டு விலகிய பிறகும் அவருக்கு வேலை இருந்தது. சொல்லப்போனால், அவருடைய மிகப் பெரிய வேடங்கள் ஐம்பதை ஒட்டித்தான் வரத் தொடங்கின.

---

▌ ஆச்சி: சில தகவல்கள்

● படங்கள்: ஆயிரத்தைத் தாண்டியதற்காக கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார். தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களப் படங்களிலும் நடித்தார்.

● முதல்வர்கள்: அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் என்று முதல்வரான ஐந்து பேருடன் மேடையிலோ திரையிலோ நடித்தவர்.

● விருதுகள்: 'புதிய பாதை' (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 2002ல் பத்மஸ்ரீ.

● குரல்: தனக்கான பாட்டைத் தானே பாடும் நடிகைகளில் ஒருவர். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் வி.குமார் இசையில் அவர் பாடிய மெட்ராஸ் பாஷைப் பாட்டு இன்றும் மேடைக் கச்சேரிகளில் ஒலிக்கிறது.

● மறைவு: 2015 அக்டோபர் 10, சென்னை. வயது 78.

---

## காதால் படித்த தமிழ்

ஒரு சோதனை செய்து பாருங்கள். படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு மனோரமாவைக் கேளுங்கள். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் பேசுவது சென்னைத் தமிழ். 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் பேசுவது கொங்குத் தமிழ். ஜில் ஜில் ரமாமணியின் பேச்சில் கொட்டகையின் இழுவை. முகம் தெரியாமலே அந்தப் பெண்ணின் ஊர், சாதி, வயது, வீட்டில் அவளுக்கு இருக்கும் இடம் எல்லாம் காதில் விழுந்துவிடும்.

இதை 'மிமிக்ரி' என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். வட்டார வழக்கு என்பது நாலு சொற்களை மாற்றிப் போடுவதல்ல. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த எழுத்தை விழுங்குவது, கோபம் வந்தால் குரல் ஏறுமா இறங்குமா, பெரியவர் முன்னால் வாக்கியம் எங்கே முடியாமல் நிற்கும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வழக்கு. மாதக்கணக்கில் ஊர் ஊராகத் தங்கி, அந்தந்த ஊர்க் கிணற்றடியிலும் கடைத்தெருவிலும் காது கொடுத்தவருக்கே அது வாய்க்கும். நாடகக்காரர்களுக்கு அது பிழைப்போடு சேர்ந்து வந்த பயிற்சி. நேற்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். இன்றைய ஜனம் எதற்குச் சிரிக்கும், எதற்கு முகம் சுளிக்கும் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துகொள்ளாவிட்டால், ராத்திரி ஆட்டம் எடுபடாது.

செட்டிநாட்டில் ஆச்சி என்பது மரியாதைக்குரிய பெண்மணியை அழைக்கும் சொல். பள்ளத்தூரில் வளர்ந்தவரின் பேச்சில் ஊறியிருந்த அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகவும் நிலைத்தது. 'கூத்தாடி' என்பதை வசவாக வைத்திருந்த சமூகம், ஒரு கூத்தாடிப் பெண்ணை ஆச்சி என்று மனசார அழைத்தது. இது அவர் வாங்கிய விருதுகளில் சேராத விருது.

## கண்ணம்மா வாய் திறந்தாள்

1986ல் விசு இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தது. நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம். வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துக் குடும்பம் பிரியும் கதை. அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மா.

சினிமாவில் வேலைக்காரி என்றால் காபி கொண்டு வருவாள், அழைப்பு மணி அடித்தால் கதவு திறப்பாள், எஜமானி அழுதால் தானும் முந்தானையால் கண் துடைப்பாள். கண்ணம்மா வேறு. பெரியவருக்கும் நியாயம் சொல்லுவாள், பிள்ளைகளையும் அதட்டுவாள். அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை முறியும் நேரத்தில், சம்பந்தியோடு மல்லுக்கு நிற்கப் போகிறாள். அந்தச் சண்டையே அவள் போடும் நாடகம். உள்ளே இருப்பது பிரிந்த இருவரைச் சேர்த்துவைக்கும் திட்டம். சம்பந்தியாக வரும் கிஷ்முவும் மனோரமாவும் எதிரெதிரே நின்று வார்த்தைக்கு வார்த்தை ஏற்றிக்கொண்டே போகும் அந்தக் காட்சி, மேடைக்காரர்கள் இருவர் தாளம் தவறாமல் ஆடிய ஆட்டம். ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா நிற்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இந்த வேடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளத்தூர் ராமாமிர்தத்தின் நினைவு வரும். யார் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்து மகளை வளர்த்த தாய். அந்த வீடுகளில் அவர் பேச்சுக்கு என்ன இடம் இருந்திருக்கும்? மகள் நடித்த கண்ணம்மாவுக்கு ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றும் அளவுக்குப் பேச்சு கிடைத்தது. படம் பார்த்த வீடுகளில் எத்தனை பேர் மறுநாள் காலையில் தங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் ஒரு நடிகை சமூகத்துக்குள் செய்யும் வேலை இப்படித்தான் நடக்கிறது, கணக்கில் வராமல்.

## அம்மா என்ற வேடத்தின் ஆழம்

பாண்டியராஜனும் ஊர்வசியும் நடித்த 'பாட்டி சொல்லைத் தட்டாதே' (1988) படத்தில் தலைப்பே பாட்டியுடையது. அடுத்த ஆண்டு 'அபூர்வ சகோதரர்கள்', பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை'. 1990ல் 'மைக்கேல் மதன காமராஜன்', 'நடிகன்'. 1991ல் 'சின்னத் தம்பி'. அடுத்து 'சின்ன கவுண்டர்'. ஐம்பது வயதையொட்டிய அந்த ஆறேழு ஆண்டுகளில் வரிசையாக வந்த வேடங்கள் ஒன்றைப் போல ஒன்று இல்லை.

'நடிகன்' படத்தைச் சிரிப்புப் படம் என்றுதான் சொல்கிறோம். கல்யாணமாகாமல் வயதாகிவிட்ட ஒரு பெண்மணி, கிழவர் வேடம் போட்டு வந்த இளைஞன் மேல் ஆசை வைக்கிறார். கொஞ்சம் பிசகினாலும் கேலிக்கூத்தாகிவிடும். மனோரமா அந்த வெட்கத்தை நிஜமாகவே பட்டார். அதனால் நாம் சிரித்தோம். அந்தப் பெண்மணியை நோகடிக்காமல் சிரித்தோம். வயதான பெண்ணுக்கும் ஆசை இருக்கும் என்பதைத் தமிழ் சினிமா அவ்வளவு பிரியத்தோடு காட்டியது அபூர்வம்.

'சின்னத் தம்பி'யில் அதே முகம் வேறொரு இடத்துக்குப் போகிறது. மகனின் இருப்பிடத்தைச் சொல்ல வைப்பதற்காக, விதவைத் தாயின் மேல் மஞ்சளும் குங்குமமும் பூவும் திணித்து அவமானப்படுத்த வருகிறார்கள். கைம்பெண்ணின் வெள்ளைச் சேலைக்குப் பின்னால் இருக்கும் கொடுமையை அந்தக் காட்சி பச்சையாகச் சொல்கிறது. சிரிக்க வைத்த குரல் அங்கே உடைந்து கதறும்போது கொட்டகை வாயடைத்துப் போனது. நகைச்சுவை நடிகை அழுதால் பார்ப்பவனுக்குத் தாங்காது. பல வருஷம் சிரிக்க வைத்துச் சேர்த்த உறவு, அந்த ஒரு நிமிஷத்தில் மொத்தமாகக் கண்ணீராகிறது.

சறுக்கலும் இருந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்து ரஜினிகாந்தைக் கடுமையாகச் சாடினார். அதன் பிறகு பட வாய்ப்புகள் வறண்டன. மறு ஆண்டே 'அருணாச்சலம்' படத்தில் அவருக்கு வேடம் கொடுத்தவர் ரஜினிகாந்த்தான். வாழ்க்கையில் தனியாக நின்று உழைத்த ஒரு பெண்ணுக்கு, வேலையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டவர் செய்த காரியம் அது.

---

▌ தோளோடு தோள் நின்றவர்கள்

● சி.கே.சரஸ்வதி: 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் வடிவாம்பாள். மகளை வைத்துக் கணக்குப் போடும் தாயை இவரைப் போல் காட்டியவர் இல்லை.

● டி.பி.முத்துலட்சுமி: ஐம்பது, அறுபதுகளின் நகைச்சுவை நாயகி. வெகுளித்தனத்தை ஒரு கலையாகவே ஆக்கியவர்.

● எஸ்.என்.லட்சுமி: என்.எஸ்.கிருஷ்ணனின் நாடக சபாவில் பயின்றவர். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் நாகேஷின் தாய். முதுமையிலும் 'மகாநதி', 'விருமாண்டி' என்று நடித்துக்கொண்டே இருந்தவர்.

● காந்திமதி: மானாமதுரைக்காரர். '16 வயதினிலே' (1977) குருவம்மாள். கிராமத்துத் தாயின் வசவையும் பாசத்தையும் ஒரே மூச்சில் பேசியவர்.

---

## காலியாகக் கிடக்கும் இடம்

இப்போது கேள்விக்கு வருவோம். ஆச்சிக்குப் பிறகு ஏன் இன்னொருவர் இல்லை?

திறமைக்குப் பஞ்சம் என்று சொன்னால் அது பொய். 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) படத்தில் சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகைக்கான தேசிய விருதையே வாங்கினார். ஊர்வசி துணை நடிகைக்கான தேசிய விருதை இரண்டு முறை பெற்றார், இரண்டும் மலையாளப் படங்களுக்கு. கூத்துப்பட்டறையிலிருந்து வந்த கலைராணி போன்றவர்கள் ஒரு காட்சி கொடுத்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கிறார்கள். பஞ்சம் எழுத்தில் இருக்கிறது.

ஆச்சி நடித்த படங்களை எடுத்துப் பாருங்கள். கூட்டுக்குடும்பம், தெரு, ஊர்ப் பஞ்சாயத்து, கல்யாண வீடு என்று கதைக்குள் ஜனக்கூட்டம் இருந்தது. கூட்டம் இருந்தால் கிழவி இருப்பாள். கிழவி இருந்தால் பேசுவாள். நாயகன் ஒருவனையே சுற்றிச் சுழலும் கதையில் அம்மாவுக்கு மூன்று வேலைதான் மிஞ்சுகிறது: சோறு போடுவது, கவலைப்படுவது, இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவது. நாயகனை விட நாலைந்து வயதே மூத்த நடிகையின் தலையில் இரண்டு நரைமுடியைத் தீட்டி அம்மாவாக்கிவிட்டால், அந்த மூன்று வேலைக்கும் அது போதும் என்று நினைக்கிறார்கள்.

முதியவர்களை நடுவில் வைத்து நல்ல படங்கள் வரத்தான் செய்கின்றன. 'கே.டி.', 'கடைசி விவசாயி' இரண்டையும் மனம் நிறைந்து பார்த்தோம். இரண்டிலும் நடுவே நிற்பவர் தாத்தா. 'பாட்டி சொல்லைத் தட்டாதே' வந்து இத்தனை வருஷமாகியும், பாட்டியின் சொல் தலைப்புக்கு வந்த இன்னொரு வெற்றிப் படத்தை நினைவிலிருந்து எடுப்பது கடினமாக இருக்கிறது.

இதன் விளைவு நடிகைகளோடு நிற்பதில்லை. நம் வீடுகளில் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள், சுய உதவிக் குழு நடத்துகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், தனியாக வாழப் பழகுகிறார்கள். அவர்களின் கோபமும் குறும்பும் திரையில் இல்லை. தங்கள் அம்மாவை, பாட்டியைத் தனி மனுஷியாகப் பார்க்க ஒரு தலைமுறைக்குச் சினிமா சொல்லிக்கொடுத்திருந்தது. அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாடம் கைப்பேசியில் முப்பது விநாடித் துணுக்காகத்தான் கிடைக்கிறது. கண்ணம்மாவின் சண்டையை மீமாகப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைக்கு, அவள் எதற்காகச் சண்டை போட்டாள் என்பது தெரியாது.

## கொட்டகை இருட்டிப்போனால்

இன்னொரு இழப்பு, ஆச்சியை உருவாக்கிய மேடை. ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிச் சீமையில் கோயில் திருவிழாக்களை நம்பி ஸ்பெஷல் நாடகம் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமண'த்தில் பபூனோடு வார்த்தைக்கு வார்த்தை ஈடுகொடுத்து, எழுதிவைக்காத வசனத்தை அந்த நொடியில் பிறப்பிக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கூத்தாடி என்று ஏசும் வாயும் இன்னும் இருக்கிறது. நடிகை தேடி அண்டை மாநிலங்களுக்கு விமானம் ஏறும் நம் இயக்குநர்கள், பங்குனி மாதத்தில் ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் பேருந்து ஏறினால் என்ன?

மேடை நாடகம் அன்றைய இரவோடு கரைந்துவிடும். திரைப்படமாவது மிஞ்சுமே என்றால், அதுவும் நிச்சயமில்லை. பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஆச்சியின் ஆயிரத்துச் சொச்சம் படங்களில் எவையெவை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு முழுப் பட்டியல் போட வேண்டும். அவற்றில் அவர் பேசிய வட்டாரத் தமிழை மட்டும் தொகுத்து வைத்தால்கூட, பேச்சுத் தமிழுக்கு அது ஓர் ஒலி அகராதி. பல்கலைக்கழகங்கள் செய்யலாம், அரசு செய்யலாம். சிலை வைப்பதை விட இது செலவு குறைந்த, காலத்துக்கும் நிற்கக்கூடிய மரியாதை.

2015ல் தி.நகர் வீட்டில் ஆச்சி கிடத்தப்பட்டிருந்தபோது, அரசியலில் எதிரெதிர் துருவங்களாக நின்ற ஜெயலலிதாவும் கருணாநிதியும் வந்து அஞ்சலி செலுத்திவிட்டுப் போனார்கள். இருவரோடும் நடித்தவர் அவர். தெருவில் நின்ற கூட்டத்துக்கு அவர் யாருடைய கட்சியும் இல்லை, வீட்டு மனுஷி.

ஜில் ஜில் ரமாமணி கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகளிடம் கேட்டால் ஒன்று சொல்லுவார்கள். புதிதாக வெட்டிய மரத்தைக் கடைந்தால் நாதம் வராது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள். பல பத்தாண்டு உத்தரமாகக் கிடந்து, ஒரு குடும்பத்தின் பாரத்தைச் சுமந்து, உலர்ந்து இறுகிய மரத்தில்தான் அந்தச் சத்தம் உட்கார்ந்திருக்கும்.

அப்படிப் பாரம் சுமந்து பழுத்த பெண்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், மேடையிலும் திரையின் ஓரத்திலும். எடுத்து வாசிக்கத்தான் ஆள் வேண்டும்.